ஓசிக் கப்பலும் முடங்கிய கணக்கும்

கேள்வி: நான் களியக்காவிளையில் வசிக்கிறேன். தையல் வேலையோடு, இரண்டு வருடங்களாக ‘மிஸ்டரி ஷாப்பர்’ வேலையும் அவ்வப்போது செய்கிறேன். வாடிக்கையாளர் போல பெட்ரோல் பங்குக்கோ செல்போன் கடைக்கோ போய், அங்கே கவனித்ததை அறிக்கையாக அனுப்பினால் 400 ரூபாய் தருவார்கள். சென்ற மாதம் புதிய எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. சொகுசுக் கப்பலில் லட்சத்தீவுக்கு மூன்று இரவுப் பயணம் போய் அறிக்கை தர என்னைத் தேர்வு செய்திருப்பதாகச் சொன்னார்கள். துறைமுக வரி, முன்பதிவு என்று 6,500 ரூபாய் கேட்டார்கள், கட்டினேன். மறுநாள் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலையில் உள்ள என் வங்கிக் கணக்கில் 49,000 ரூபாய் விழுந்தது. அதில் 4,000 என் கூலி, மீதி 45,000 ரூபாயைக் கேபின் முகவருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். ஒன்பதாம் நாள் கணக்கு முடங்கிவிட்டது. வேறு மாநிலக் காவல்துறை சொல்லித்தான் முடக்கியதாக வங்கியில் சொல்கிறார்கள். மகளிர் குழுக் கடனாக வந்த 1,10,000 ரூபாயும் அதே கணக்கில்தான் இருக்கிறது. கப்பல் உண்மையா? புகாரைத் தமிழ்நாட்டில் கொடுப்பதா, கேரளத்தில் கொடுப்பதா? என்னைக் கைது செய்வார்களா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் இழந்த 6,500 ரூபாயைவிட, உங்களுக்கு வந்த 49,000 ரூபாய்தான் எனக்குக் கவலை தருகிறது. அது கப்பல் கம்பெனியின் பணமாக இருக்க வாய்ப்பில்லை. உங்களைப் போலவே ஏமாந்த வேறொருவர் எங்கோ புகார் கொடுத்திருப்பார். அவருடைய பணம் போன தடத்தில் உங்கள் கணக்கு வந்திருக்கும். வெளிநாடுகளில் இதே மோசடியைக் காசோலையில் செய்வார்கள். மிஸ்டரி ஷாப்பருக்குத் தபாலில் காசோலை வரும். அதை வங்கியில் போட்டு, கூலியைக் கழித்துக்கொண்டு மீதியை இன்னொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். சில வாரங்கள் கழித்து அது போலிக் காசோலை என்று தெரியவரும். நம் ஊரில் காசோலையின் இடத்துக்குத் திருட்டுப் பணமே வந்துவிட்டது.

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி ஒருவரை மோசடிக் குற்றவாளி என்று சொல்ல, ஏமாற்றும் எண்ணம் வேண்டும். அது உங்களிடம் இல்லை. ஆனால் 317ஆம் பிரிவையும் பாருங்கள். மோசடியால் கைமாறிய பொருளும் இப்போது ‘திருட்டுச் சொத்து’தான். அதை அப்படித் தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் வைத்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை. ‘கப்பல்காரன் கேபினுக்கான பணத்தை ஏன் உன் கணக்கு வழியாக அனுப்புகிறான் என்று உனக்குத் தோன்றவில்லையா?’ என்று ஒரு நாள் உங்களைக் கேட்பார்கள். அன்று உங்கள் கையில் இருக்க வேண்டியது, இந்த வாரத் தேதியிட்ட உங்கள் சொந்தப் புகார். காவல்துறை கூப்பிட்ட பிறகு கொடுக்கும் புகாருக்குப் பாதி மதிப்புகூட இருக்காது.

அதுவரை அந்த 4,000 ரூபாயைத் தொடாதீர்கள். அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புகிறேன் என்றும் கிளம்பிவிடாதீர்கள். அதை ஒப்படைக்கத் தயார் என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

எங்கே புகார் கொடுப்பது? 1956 நவம்பர் 1இல் இந்த இரு மாநிலங்களுக்கு நடுவே எல்லைக்கோடு போட்டார்கள். இன்றும் குழித்துறையில் வழக்கறிஞரான என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீடு இந்தப் பக்கம், வங்கிக் கணக்கு அந்தப் பக்கம். கவலைப்படாதீர்கள். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். 202ஆம் பிரிவு இன்னும் உதவியானது: மின்னணுத் தகவல் மூலம் ஏமாற்றியிருந்தால், அந்தத் தகவல் அனுப்பப்பட்ட இடத்திலோ பெறப்பட்ட இடத்திலோ வழக்கை விசாரிக்கலாம். வாட்ஸ்அப் தகவலை நீங்கள் களியக்காவிளை வீட்டில் இருந்தபடி பெற்றீர்கள். ஆகவே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கே போகலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ‘பாறசாலைக்குப் போங்கள்’ என்று யாராவது சொன்னால் 173 என்ற எண்ணைச் சொல்லுங்கள். மனுவைக் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பாதீர்கள், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முன்னதாக இன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணில் அழைத்துப் பதிவு செய்யுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்திருந்தால் 45,000 ரூபாயை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். இப்போது அழைப்பது பணத்துக்காக என்பதைவிட, உங்கள் தரப்பு பதிவாக வேண்டும் என்பதற்காக.

ஆதாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களில் பாதியில் எதிராளியின் எண் வெட்டுப்பட்டிருக்கிறது. முழு உரையாடலையும் கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். ஒவ்வொரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பெண் இருக்கும். அதைத் தேதியோடு தாளில் எழுதுங்கள். போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மூல சாட்சியமே அந்தப் போன்தான்; அதிலிருந்து எடுத்த நகலை நீதிமன்றத்தில் காட்டுவதற்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

கணக்கு முடக்கத்துக்கு வருவோம். வங்கி மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுப் பயனில்லை. எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சர்ச்சை 49,000 ரூபாய்க்கு மட்டும்தான் என்றால், 1,14,000 ரூபாய் முழுவதையும் பூட்டிவைக்கக் காரணம் இல்லை. சந்தேகத்துக்குரிய தொகை அளவுக்கே முடக்கம் இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் கிளை பாறசாலையில் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. வங்கி மறுத்தால் எர்ணாகுளத்தில் ரிட் மனுப் போடலாம். மீதி 65,000 ரூபாயாவது கைக்கு வந்தால் குழுத் தவணை தவறாது.

உங்கள் 6,500 ரூபாயை வங்கி ஈடுகட்டும் என்று நம்பியிருக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 சுற்றறிக்கையில் கொண்டுவந்த பாதுகாப்பு, நீங்கள் அறியாமல் பணம் எடுக்கப்பட்டால்தான். நீங்களே பின் எண்ணைப் போட்டு அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது.

கப்பல் உண்மையா என்று கேட்டீர்கள். டிக்கெட் என்று வந்த பிடிஎஃப் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஏறும் இடம் ‘விழிஞ்ஞம்’ என்று போட்டிருக்கிறது. 2025 மே 2இல் பிரதமர் அங்கே திறந்துவைத்தது சரக்குப் பெட்டகத் துறைமுகம். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரம்தான்! லட்சத்தீவுக்குப் போக வெளியூர்க்காரர்களுக்கு நுழைவு அனுமதி வேண்டும். அதற்கு அடையாள ஆவணம் வேண்டும். உங்களிடம் ஆதார் நகலைக்கூடக் கேட்காதவர்கள், வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபார்த்திருக்கிறார்கள்.

கப்பலில் மிஸ்டரி ஷாப்பர் வேலை என்பதே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையில் இருக்கிறது, ஆனால் அரிது. பல சிறிய வேலைகளை ஒழுங்காக முடித்து, அறிக்கை எழுதுவதில் பெயர் வாங்கியவர்களுக்கே கிடைக்கும். ‘பணம் கேட்டால் போலி’ என்ற பொதுவான அறிவுரை உங்களைக் குழப்பியிருக்கும். ஏனென்றால் உண்மையான வேலையிலும் ஓட்டல் பில்லை முதலில் நீங்களே கட்டி, பிறகு திரும்பப் பெறுவது உண்டு. யாரிடம் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஓட்டல் பணம் ஓட்டல் கல்லாவுக்கும் கப்பல் பணம் கப்பல் நிறுவனத்தின் முன்பதிவுக்கும் போக வேண்டும். வேலை தருகிறவருக்கோ அவர் காட்டும் மூன்றாம் ஆளுக்கோ ஒரு ரூபாயும் போகக் கூடாது. அடுத்த முறை, செலவை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், அறிக்கையை நிராகரித்தால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள். பிறகு பணம் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் உதவாது. அங்கே நீங்கள் சேவை தருகிறவர், வாங்குகிறவர் அல்ல.

இனி ‘காவல்துறை’ என்று சொல்லி வீடியோ அழைப்பு வந்து, கணக்கை விடுவிக்கப் பணம் கேட்டால் துண்டித்துவிடுங்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. உண்மையான அழைப்பாணை எழுத்தில் வரும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவுப்படி விசாரணைக்கு வரச் சொல்லும் அறிவிப்பு என்றால் வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போய் ஆஜராகுங்கள்; அதை மதித்து ஒத்துழைக்கும்வரை, தனியாகக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. அதே சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி சாட்சியாக அழைத்தால், பெண் என்பதால் உங்களை வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்.

வங்கிக்கு எழுதும் மனுவோடு குழுக் கடன் ஒப்புதல் கடிதத்தையும், அந்த 1,10,000 ரூபாய் வரவான நாளின் பாஸ்புக் பக்க நகலையும் இணையுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிய நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ரிட் போட வேண்டி வந்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.