கை உயராவிட்டால் தாய் சி ஆகாதா?

கேள்வி: எனக்கு 61 வயது. பாலக்காடு மாவட்டம் மீனாட்சிபுரத்தில் இருக்கிறேன். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பொள்ளாச்சிக்குப் போய் 24 அசைவு தாய் சி (மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி) பழகுகிறேன். வலது தோள் இறுகி, கை தோள் உயரத்தைத் தாண்டுவதில்லை. இடது முட்டியில் தேய்மானம். ‘வெள்ளைக் கொக்கு சிறகு விரித்தல்’ செய்யும்போது கை நெற்றி வரை போகாவிட்டால் அது தாய் சியே இல்லை என்கிறார் உடன் பழகும் ஒருவர். விட்டுவிடவா? (பெயர் வேண்டாம்)

பதில்: விடாதீர்கள் டீச்சர். அந்த 24 அசைவு வரிசையே, தாய் சியின் நீளமான யாங் பாணியைப் பொதுமக்களுக்காக 1956-ல் சீன விளையாட்டு ஆணையம் சுருக்கி அமைத்ததுதான். உங்கள் உடம்புக்காக அதை இன்னும் கொஞ்சம் சுருக்குவதில் தவறே இல்லை.

அந்தப் பாணியின் ஆசான் யாங் செங்ஃபு (1883–1936) சொன்ன பத்து விதிகளில் ஒன்று, தோளைத் தாழ்த்தி முழங்கையைத் தொங்கவிடச் சொல்கிறது. இறுகிய தோளோடு கையை நெற்றிக்கு ஏற்றப் பார்த்தால் தோள்பட்டை காதுக்கு ஏறும், உடம்பு ஒருக்களிக்கும். அதற்கு மார்பு உயரத்திலேயே கையை நிறுத்துவது எவ்வளவோ மேல்.

வலியில்லாமல் கை போகும் தூரத்தில் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். மிச்சத்தை இடுப்பு செய்யட்டும். எடையை மெல்ல ஒரு காலுக்கு மாற்றி இடுப்பைத் திருப்பினால் கை தானாகக் கூட வரும். ‘மேகக் கைகள்’ அசைவிலும் முகத்தருகே போகும் வட்டத்தை மார்பளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். கொக்கு அசைவில் எடை வலது காலில்தான் நிற்கிறது. இடது முட்டிக்கு அங்கே ஓய்வு.

முட்டி விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். எடை தாங்கி நிற்கும் பாதத்தை ஒருபோதும் திருப்பாதீர்கள். எடையை மறுகாலுக்கு மாற்றி, இடுப்பிலிருந்து காலைத் திருப்பி வைத்து, அப்புறம் எடையைக் கொண்டுவாருங்கள். பாதவிரல் பார்க்கும் திசையையே முட்டியும் பார்க்க வேண்டும். ‘பாம்பு தாழ்ந்து ஊர்தல்’ வரும்போது குந்தவே வேண்டாம், கையை மட்டும் தாழ்த்துங்கள். ‘சேவல் ஒற்றைக்காலில் நிற்றல்’ என்றால் தூக்கும் காலின் நுனிவிரல் தரையிலேயே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு நாற்காலியும் இருக்கட்டும்.

தாய் சியின் இன்னொரு வகையான, நிமிர்ந்து நின்றே செய்யும் சுன் பாணி கிடைத்தால் அதையும் பழகிப் பாருங்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997-ல் மூட்டுவாதக்காரர்களுக்காக அமைத்த வரிசைக்கு அதுதான் அடிப்படை.

இன்னொன்று. தோள் இறுகுவது சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். ரத்தச் சர்க்கரை பார்த்து நாளாகியிருந்தால் பார்த்துவிடுங்கள். பழகிய அன்று ராத்திரி தோள்வலியில் தூக்கம் கெட்டால், மறுநாள் கைவீச்சைப் பாதியாக்குங்கள்.