12 வருடம் ஒரே வீட்டில் இருந்தால் மனைவி ஆகிவிட முடியுமா?

கேள்வி: அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் பிராவிடன்ஸில் 12 வருடம் ஒருவருடன் வாழ்ந்தேன். பதிவுத் திருமணம் இல்லை. அக்கம்பக்கம் எங்களைக் கணவன் மனைவி என்றே சொல்லும். அவருடைய அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது வேறொரு பெண்ணுக்காக, தன் பெயரில் உள்ள வீட்டைவிட்டு என்னைப் போகச் சொல்கிறார். எனக்குப் பங்கு கிடைக்குமா?

பதில்: மாமியார் சேவை, வேறொரு பெண் எல்லாம் இருக்கட்டும். நீங்கள் மனைவி என்று நிரூபணமான பிறகுதான் அவற்றுக்கு மதிப்பு.

உரிமம் வாங்காத 'காமன் லா' திருமணத்தை ரோட் ஐலண்ட் இன்னும் ஏற்கிறது. ஆனால் இத்தனை வருடம் என்ற கணக்கே கிடையாது. இருவரும் மனதார ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்றீர்கள், ஊரும் அப்படியே நம்பியது என்பதைத் தெளிவான, உறுதியான சாட்சியத்தோடு காட்ட வேண்டும். 23 வருடம் சேர்ந்திருந்த ஒரு ஜோடிக்குக் குடும்ப நீதிமன்றம் திருமணம் உண்டு என்றது. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பெரும்பாலோர் சறுக்குவது வரிக் கணக்கில்தான். உங்கள் வருமான வரிப் படிவத்தின் முதல் பக்கத்தை எடுங்கள். 'சிங்கிள்' கட்டத்தில் டிக் இருக்கிறதா? பொய்யானால் தண்டனை என்ற வாசகத்துக்குக் கீழே நீங்கள் போட்ட கையெழுத்து அது. கூண்டில் ஏறி 'நான் மனைவி' என்றதும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் நீட்டுவார். ஒன்று நீதிமன்றத்தில் சொல்வது பொய், இல்லை வரித்துறைக்குச் சொன்னது பொய். அவருடைய கம்பெனி காப்பீட்டில் 'டொமஸ்டிக் பார்ட்னர்' (மணமாகாமல் சேர்ந்து வாழும் துணை) என்று சேர்ந்திருந்தால் அந்தப் படிவத்தையும் படியுங்கள். 'எங்களுக்குத் திருமணம் ஆகவில்லை' என்ற உறுதிமொழி அதில் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த இரண்டிலும் சிங்கிள் என்றிருந்தால் சமரசம் பேசுங்கள். மனைவி அல்ல என்று ஆகிவிட்டால் குடும்ப நீதிமன்றம் சொத்தைப் பிரிக்காது. பொதுவான சிவில் வழக்குகளை விசாரிக்கும் சுபீரியர் கோர்ட்டில், அவருடைய வீட்டுக்கு நீங்கள் போட்ட பணத்தை மட்டும் கேட்கலாம். வீட்டுக்கடன் தவணைக்கு அனுப்பிய வங்கிப் பதிவு, கூரை மாற்றிய ரசீது இவைதான் அங்கே பேசும். சமைத்ததற்கு ரசீது இல்லை. பேச உட்காருமுன் பத்திரத்தைப் பாருங்கள். இங்கே கவுண்டி (மாவட்ட) அரசு கிடையாது, 39 ஊர்களும் தனித்தனியே பதிவு வைத்திருக்கின்றன. உங்களுடையது பிராவிடன்ஸ் சிட்டி ஹாலில் இருக்கும்.

மாறாக, படிவங்கள் உங்கள் பக்கம் இருந்தால் அவசரப்பட்டு வேறொருவரை மணந்துவிடாதீர்கள். 'காமன் லா' திருமணம் உண்டு, 'காமன் லா' விவாகரத்து கிடையாது. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு கையில் வரும்வரை நீங்கள் அவருடைய மனைவிதான்.