என்ஜின் மவுண்டிங்கும் தகடு வைத்த சப்ஃபிரேமும்: கடலூரிலிருந்து கேள்வி பதில்

கடலூர் செம்மண்டலத்தில் 19 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் 2008 டீசல் ஸ்விஃப்ட் ஒன்றின் முன் சப்ஃபிரேமை, அதாவது என்ஜினுக்கு அடியில் பாடியில் மாட்டுகிற இரும்புச் சட்டத்தைக் கழற்றி, துருவில் அரித்துப்போன இடங்களில் தகடு வைத்து வெல்டு அடித்து, என்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் மவுண்டிங்கில் கம்பெனியுடையதற்குப் பதில் ஆஃப்டர்மார்க்கெட் (வெளியார் தயாரிப்பு) மவுண்டிங் பொருத்திக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கையில் செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நெய்வேலியிலிருந்து: அண்ணா, என் டீசல் வண்டிக்கு மூன்று மவுண்டிங்கும் பாலியூரித்தேனில் கிடைக்கிறது. மூன்றையும் போட்டுவிடலாமா? தினமும் ஓட்டும் வண்டி.

மூன்றும் வேண்டாம் தம்பி. பாலியூரித்தேன் கம்பெனி ரப்பரைவிடக் கெட்டி. பின்னால் கீழே இருக்கும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளில் பெரும்பாலும் வலது, இடது மவுண்டிங் இரண்டும்தான் பாரத்தைத் தாங்கும், அவை பாடியில் மாட்டியிருக்கும். சப்ஃபிரேமில் மாட்டுகிற பின் மவுண்டிங்கின் வேலை வேறு. என்ஜின் முறுக்கிக்கொண்டு ஆடாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். நான் வேலை பார்த்த ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசல் என்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள், உச்ச முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்குகின்றன. அத்தனைக்கும் எதிர்விசை மவுண்டிங்குக்குத்தான் வந்தாக வேண்டும். அரை மீட்டர் தள்ளி ஒரு பிடிமானம் இருந்தால் அங்கே கிட்டத்தட்ட 400 கிலோ இழுவை விழும். அதனால் அந்த ஒன்று கொஞ்சம் இறுக்கமாக இருப்பதில் நியாயம் இருக்கிறது, கிளட்ச் விடும்போது வருகிற அந்த 'டொக்' சத்தமும் குறையும்.

மேலே பாடியில் இருக்கும் வலது, இடது இரண்டும் அப்படி இல்லை. நான்கு சிலிண்டர் என்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஐடிலில் நிற்கும்போது வினாடிக்கு 26, 27 தடவை உதறுகிறது. அந்த உதறலை விழுங்குவதற்காகவே கம்பெனி அங்கே மெத்தென்ற ரப்பரை வைக்கிறது, ரப்பரின் கெட்டியைச் சொல்கிற ஷோர் ஏ அளவில் 50, 60 என்று இருக்கும். கடையில் கிடைக்கும் பாலியூரித்தேன் 70-இல் தொடங்கி 95 வரை போகிறது. 95 என்பது கிட்டத்தட்ட ஷாப்பிங் டிராலி சக்கரத்தின் கெட்டி. அதை மேலே போட்டால் கண்ணாடி நடுங்கும், டாஷ்போர்டு பேச ஆரம்பிக்கும். சத்தத்தோடு போனால் பரவாயில்லை. ரப்பர் வாங்க வேண்டிய அடி பிராக்கெட்டுக்குப் போகும், பிராக்கெட் தாங்கினால் பாடியின் ஸ்பாட் வெல்டுக்குப் போகும். எங்கேயோ ஒன்று வளைந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். அது 2,000 ரூபாய் ரப்பராக இருக்கட்டும், பாடியாக இருக்க வேண்டாம்.

பின் மவுண்டிங்குக்கும் 70, 75-க்கு மேல் நான் போவதில்லை.

அரியாங்குப்பத்திலிருந்து: சப்ஃபிரேமுக்குத் தகடு வைக்கும்போது நீங்கள் எதைக் கவனிக்கிறீர்கள்? இங்கே வண்டியிலேயே வைத்து அடித்துத் தருகிறேன் என்கிறார்கள்.

வண்டியில் வைத்து அடிக்க விடாதீர்கள். சப்ஃபிரேமை இறக்கியே ஆக வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் அதில்தான் மாட்டியிருக்கிறது, வெல்டிங் சூட்டில் 2 மி.மீ. இழுத்துக்கொண்டாலும் டயர் ஒரு பக்கம் தேயும். இறக்கியதும் முதலில் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் போல்ட் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, முதலில் அங்கங்கே டேக் (சின்னப் பொட்டு வெல்டு), அப்புறம் ஒரு விரல்கட்டை நீளம் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி, ஆற விட்டு ஆற விட்டு அடிக்க வேண்டும். முடிந்ததும் அதே குறுக்களவைத் திரும்பப் பாருங்கள்.

தகடு பழைய இரும்பின் கனத்திலேயே இருந்தால் போதும், 2 மி.மீ. அல்லது 3 மி.மீ. ஐந்து மி.மீ. தகடு வைத்தால் பலம் என்று நினைக்கிறார்கள். அந்தத் தகடு முடிகிற கோட்டிலேயே அடுத்த விரிசல் விழும். தகட்டின் முனையை நேராக வெட்டாமல் கூராக, அல்லது உருட்டி வெட்டுங்கள். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை மூடிவிடக் கூடாது. நம் ஊரில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம், முதுநகர் பக்கம் நிற்கிற வண்டிகளை நான் தினம் பார்க்கிறேன், உப்புக் காற்று ஏறி சப்ஃபிரேம் உள்ளேயிருந்துதான் அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், சின்ன சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்பதற்குப் பதில் 'தப்' என்று கேட்கும். அப்படிக் கேட்கிற இரும்பின் மேல் தகடு வைத்துப் பயனில்லை. கெட்டி இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுத்துவிட்டு வையுங்கள். வெட்ட வெட்டப் போய்க்கொண்டே இருந்தால் வேறு சப்ஃபிரேம் தேடுவதுதான் சரி. வேலை முடிந்ததும் உள்பக்கம் வேக்ஸ் அடிக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. மவுண்டிங் போல்ட் பெட்டி மாதிரி இருக்கும் சப்ஃபிரேமுக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது அல்லவா, அந்த இடத்தில் கம்பெனி உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைத்திருக்கும். துருவில் அது போயிருந்தால், புதிய தகடு வைப்பவர் குழாயை மறந்துவிட்டு ஓட்டை மட்டும் போட்டுத் தருவார். நீங்கள் இறுக்க இறுக்கப் பெட்டி அமுங்கிக்கொண்டே போகும், ஸ்பேனரில் இறுக்கம் தெரியும், ஆனால் அது போல்ட்டின் இறுக்கம் இல்லை, தகடு நசுங்குகிற இறுக்கம். நூறு கிலோமீட்டரில் லூஸ். லேத்தில் சொல்லி, கெட்டியான குழாயைச் சரியான நீளத்துக்குக் கடைந்து வாங்கி உள்ளே வெல்டு செய்யுங்கள். இந்த ஸ்விஃப்ட்டில் எனக்கு அதிக நேரம் பிடித்தது அந்த இரண்டு குழாய்கள்தான்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி: ஏசி போட்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மெக்கானிக் மூன்று மவுண்டிங்கும் மாற்றச் சொல்கிறார்.

உடனே மாற்றாதீர்கள் அம்மா. முதலில் பிளக், த்ராட்டில் பாடி, ஐடில் வேகம் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஒரு சிலிண்டரில் விட்டு விட்டு எரிந்தாலும் இதே நடுக்கம்தான் வரும். அதெல்லாம் சரியாக இருந்தால் பானட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை உள்ளே உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்தபடி முதல் கியரில் கிளட்சை லேசாக விடச் சொல்லுங்கள், பிறகு ரிவர்ஸில். நீங்கள் ஒதுங்கி நின்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள், வண்டிக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம். என்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்பினால் நல்லது. துள்ளிக் குதித்தால் மவுண்டிங் போய்விட்டது. சில வண்டிகளில் மேல் மவுண்டிங்குக்குள் திரவம் இருக்கும், அதைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்க் கசிவு மாதிரி தெரிந்தால் அதுவும் முடிந்தது என்று அர்த்தம். போனதை மட்டும் மாற்றுங்கள். ஆனால் ஒன்று கிழிந்து ரொம்ப நாள் ஓட்டியிருந்தால் மற்ற இரண்டும் அடி வாங்கியிருக்கும், அப்போது அவர் சொல்வது சரி.

பண்ருட்டியிலிருந்து: கிழிந்த ரப்பருக்குள் கண்ணாடி ஒட்டுகிற பேஸ்ட்டை ஊற்றினால் சரியாகிவிடுமா?

ஆகாது. எண்ணெய் ஊறிய ரப்பரில் அது ஒட்டாது.

வில்லியனூரிலிருந்து: புது மவுண்டிங்கை எந்த வரிசையில் இறுக்குவது? போட்ட மறுநாளே அதிர்வு அதிகமாகிவிட்டது.

நீங்கள் எங்கே தவறியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பட்டறை தொடங்கிய புதிதில் நானே செய்த தவறு. ஜாக்கியில் என்ஜினைத் தூக்கி வைத்துக்கொண்டே எல்லா போல்ட்டையும் முழுசாக இறுக்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. புது ரப்பர் ஒரு ஓரத்தில் விரல் நுழைகிற அளவு கிழிந்திருந்தது. இறக்கும்போது என்ஜினின் பாரம் ரப்பரை முறுக்கிவிட்டது, அது அந்த முறுக்கலிலேயே ஓடியிருக்கிறது. அந்த ரப்பருக்கு என் கைக்காசுதான் கொடுத்தேன்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் முடுக்குங்கள். ஜாக்கியை எடுத்துவிட்டு என்ஜின் பாரம் முழுவதும் மவுண்டிங்கில் இறங்கட்டும். பாரம் தாங்கும் இரண்டையும் பாதி இறுக்கத்தில் வைத்து என்ஜினை முன்னும் பின்னும் கையால் நான்கைந்து முறை ஆட்டுங்கள், அது தனக்கு வேண்டிய இடத்தில் தானே உட்காரும். அப்புறம் அந்த இரண்டையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முழு இறுக்கம். கடைசியாகத்தான் பின் மவுண்டிங். அதன் நடு போல்ட் இழுக்காமல் தள்ளாமல் தானாக உள்ளே போக வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் மேலே ஏதோ சரியாக உட்காரவில்லை. எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட் தலையில் அதன் பலத்தைச் சொல்கிற 8.8, 10.9 என்ற எண் இருக்கும், பழையது 10.9 என்றால் 8.8 போடாதீர்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ஓட்டை 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. கிரைண்டரில் நீட்டிவிடலாமா?

கூடாது. சப்ஃபிரேம் கோணலாக ஏறியிருக்கும், அல்லது மவுண்டிங் வேறு மாடலுடையது. டீசலும் பெட்ரோலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு மாட்டுங்கள்.

குண்டு உப்பலவாடியிலிருந்து: 2024 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அப்போது என்ஜின் வேலை மட்டும் பார்த்தோம். இப்போது கீழே சத்தம் வருகிறது.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை ஏறி வந்த அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ரப்பருக்குத் தண்ணீரால் பெரிய பாதிப்பு இல்லை ஐயா. சப்ஃபிரேம் பெட்டிக்குள் போன வண்டல் சேறு வெளியே வராமல், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்கிறது. ஒரு ஸ்விஃப்ட்டில் வடிகால் ஓட்டையில் கம்பி விட்டுக் குடைந்தேன், ஒரு டம்ளர் அளவு சேறு கொட்டியது, அதோடு துருச் செதில்களும். உங்கள் வண்டியைத் தூக்கி அந்த ஓட்டைகளைக் குத்தி, உள்ளே நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, காய வைத்துப் பாருங்கள். போல்ட் உட்காரும் இடங்களில் கட்டாயம் சுத்தியல் சோதனை. சத்தம் மவுண்டிங்கிலிருந்துதான் வருகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டாம், லோயர் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் இதே மாதிரி பேசும்.

முதலியார்பேட்டையிலிருந்து: வேலை முடிந்து வண்டி நன்றாக ஓடுகிறது. திரும்ப எப்போது பார்க்க வேண்டும்?

500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை. இறுக்கியதும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் சப்ஃபிரேம் வரைக்கும் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் கழித்துக் குனிந்து பார்க்கும்போது கோடு ஒரே நேராக இருந்தால் ஸ்பேனரையே எடுக்க வேண்டாம். கோடு உடைந்து தள்ளி நின்றால் திரும்ப இறுக்கிவிட்டு மட்டும் போகாதீர்கள், அதைக் கழற்றி உள்ளே அந்தக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.