பழைய திகதியிட்ட கடிதத்தை வாங்காதீர்கள்

கேள்வி: நான் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மருந்து எழுதும் அனுமதி பெற்ற உளவியலாளர். அம்மாவின் சுகவீனத்தால் நாடு திரும்பி, வெள்ளவத்தையில் ஆலோசனை நிலையம் நடத்துகிறேன். தமிழ் பேசும் மனநல மருத்துவரிடம் திகதி கிடைக்காமல் தவித்த ஓர் இளைஞனுக்கு என் கடிதத்தாளில் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை எழுதிக் கொடுத்தேன், பாமசியிலும் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வாரம் அவன் நித்திரையின்றிக் கொந்தளித்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டான். நன்றி மறந்த தந்தை இப்போது சட்டத்தரணி மூலம் நட்டஈடு கேட்டுக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர், தன் ஆலோசனையின்படியே எழுதப்பட்டதாக அன்றைய திகதியில் கடிதம் தர முன்வருகிறார். வாங்கலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தந்தையின் நன்றியின்மை, மருத்துவர் பற்றாக்குறை, உங்கள் நீண்ட படிப்பு ஆகியவற்றுக்கே உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. அவற்றில் எதுவும் வழக்கைத் தீர்மானிக்காது. நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: கையொப்பமிட்ட அன்று இலங்கை மருத்துவ சபையின் மருத்துவர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்ததா? இருக்கவில்லை.

நியூ மெக்சிகோ 2002 இல் இயற்றிய சட்டம் அந்த மாநிலத்துக்குரியது. பின்னர் லூசியானா 2004 இலும், இல்லினோய் 2014 இலும், வேறு சில மாநிலங்கள் அதற்குப் பிறகும் அதே வழியில் சென்றன. ஆயினும் உங்கள் அனுமதிப்பத்திரம் பக்கத்து டெக்சாசிலேயே செல்லாது. நியூ மெக்சிகோவிலும் முதல் இரண்டு ஆண்டுகள் மருத்துவரின் மேற்பார்வையில்தான் எழுதியிருப்பீர்கள். அதன் பின்னரும் நோயாளியின் பொது மருத்துவருடன் தொடர்பில் இருப்பது கட்டாயம். உளவியலாளர் மருந்து எழுத இடமளிக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. பதிவின்றி மருத்துவம் பார்ப்பது மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம்.

இனி மருத்துவர் தர முன்வந்த அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். அதை வாங்காதீர்கள். உங்கள் கேள்வியில் என்னை உண்மையாகவே கலங்க வைத்தது இந்த ஒரு வரிதான், ஏனெனில் சிறிய சிக்கலோடு வருபவர்கள் பெரிய சிக்கலுக்குள் விழுவதை நான் இந்த இடத்தில்தான் கண்டிருக்கிறேன். ஒரு வழக்கில் மார்ச் மாதத் திகதியோடு சமர்ப்பிக்கப்பட்ட மருத்துவர் கடிதத்தின் தலைப்பில், அந்த நிலையம் ஜூனில்தான் இடம் மாறிச் சென்ற புதிய முகவரி அச்சிடப்பட்டிருந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைக் குறுக்கு விசாரணையில் எடுத்து, வாடகை ஒப்பந்தத்தையும் அதன் அருகில் வைத்தபோது, பணத்தோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம் குற்ற வழக்காக மாறியது. எழுதப்படாத நாளில் எழுதப்பட்டதாக நம்பவைக்கும் நோக்கில் ஆவணம் தயாரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி போலி ஆவணம் புனைவதாகும். அதை நீதிமன்றத்தில் காட்டினால் பொய்ச் சாட்சியம் புனைந்த குற்றமும் சேரும். உங்களுக்கு உதவ வந்த மருத்துவரும் தம் பதிவை இழக்கக்கூடும். அவர் அந்த இளைஞனைப் பார்த்ததே இல்லையென்றால், முதல் ஐந்து கேள்விகளுக்குள் அது வெளிப்பட்டுவிடும்.

இதே வகையில் இன்னொன்றும் உண்டு. மருத்துவர் வெறுந்தாள்களில் முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கொடுக்க, நிலையத்தில் மருந்தின் பெயரை நிரப்பிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருப்பதை அறிவேன். உங்கள் மேசையில் அப்படியான தாள் ஒன்றேனும் இருந்தால் இன்றோடு அதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள், ஆனால் கிழிக்காமல் உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பாமசிக்குப் போய்ச் சீட்டைத் திருப்பிக் கேட்காதீர்கள். நோயாளியின் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். தந்தைக்கு வட்ஸ்அப்பில் வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். மனிதாபிமானத்தோடு அனுப்பும் அந்தச் செய்தி, பொறுப்பை ஒப்புக்கொண்டதற்கான சான்றாக வழக்கேட்டில் ஏறும்.

உங்களிடம் பலமே இல்லையென்று நான் சொல்லவில்லை. பிரியானி சொய்சா எதிர் அர்செகுலரத்ன வழக்கில் 2001 இல் உயர் நீதிமன்றம், மருத்துவரின் கவனயீனம் நிரூபிக்கப்பட்டாலும் அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கண்டு, நட்டஈட்டைத் தள்ளுபடி செய்தது. இந்த இளைஞனின் கொந்தளிப்பு மருந்தால் வந்ததா, முன்னரே மறைந்திருந்த இருமுனை நோய் வெளிப்பட்டதா என்பதைத் தந்தைதான் நிபுணர் சாட்சியத்தோடு நிறுவவேண்டும். ஆனால் அந்த வாதத்தை முன்வைக்க நீங்கள் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டியிருக்கும். ஏறியதும் கேட்கப்படும் முதல் கேள்வி, நீங்கள் பதிவுபெற்ற மருத்துவரா என்பதுதான். அதற்கு நீங்கள் திறந்த மன்றில் சொல்லும் பதில் குற்ற வழக்கு ஒன்றுக்கு வழி திறந்துவிடலாம். வழக்கில் வென்றாலும் அந்தப் பதிலை அழிக்க முடியாது.

ஆகவே சமரசமாகப் போய்விடுங்கள். கோரிக்கைக் கடிதத்தில் குறிப்பிட்ட தவணைக்குள், வைத்தியசாலைச் செலவையும் அவன் இழந்த வருமானத்தையும் அடிப்படையாகக் கொண்டு, பொறுப்பை ஏற்காமலும் உரிமைகளுக்குப் பாதகமில்லாமலும் ஒரு தொகையைச் சட்டத்தரணி மூலம் முன்வையுங்கள். வழக்குத் தொடரத் தந்தைக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு. மௌனமாக இருந்தால் ஓய்ந்துவிடுவார் என்று எண்ணாதீர்கள். அமெரிக்கக் காப்புறுதி இங்கே கைகொடுக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் மட்டும் எக்காரணம் கொண்டும் இருக்கக்கூடாது: பணம் பெற்றதால் பொலிஸில் முறைப்பாடு செய்யமாட்டேன் என்ற உறுதி. குற்றத்தை மறைப்பதற்காகப் பணம் கொடுப்பதும் பெறுவதும் தனிக் குற்றங்கள். தந்தையே அதை எழுதித் தர முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். நட்டஈட்டுக் கோரிக்கை முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்பதோடு வாசகம் நிற்கட்டும்.