கல்லாவில் நிற்பவரின் விண்ணப்பம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சென்ற ஆண்டு இங்கே சட்டப் படிப்பை முடித்தேன், 2:1 வகுப்பு, அதாவது இரண்டாம் வகுப்பின் மேல்நிலை. டிரெய்னி சொலிசிட்டர், அதாவது பயிற்சி வக்கீல் இடத்துக்காக லண்டனில் இதுவரை 34 நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துவிட்டேன். 31 இடங்களில் முதல் படியிலேயே வெளியே. இரண்டில் வாட்சன் கிளேசர் என்ற தர்க்கத் தேர்வோடு சரி. ஒன்றிலிருந்து பதிலே இல்லை. கூடப் படித்தவர்களுக்கு அப்பா, சித்தப்பா என்று யாராவது வக்கீலாக இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. சனி, ஞாயிறுகளில் ஈஸ்ட் ஹாமில் மாமாவின் மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கிறேன். டெலிவரி, பில் எல்லாம் நான்தான் பார்ப்பது. மற்றபடி சொல்லிக்கொள்கிற மாதிரி அனுபவம் எதுவும் இல்லை.

கடன் வாங்கியாவது எஸ்.கியூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வை எழுதிவிட்டால் மதிப்பார்களா? ஒரு விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் இடம் இருந்தாலும் சொல்லுங்கள்.

கி.

அன்புள்ள கி.,

விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தேன். ஒருமுறை பஸ்ஸில், அப்புறம் ஆபீஸில் பேனாவோடு.

"உலகளவில் முன்னணியில் இருக்கும் உங்கள் நிறுவனத்தின் கூட்டு உழைப்பும் புதுமை நாட்டமும் என்னைக் கவர்ந்தன" என்று தொடங்குகிறீர்கள். அந்த நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு எங்கள் நிறுவனத்தின் பெயரை மேலே எழுதிப் பார்த்தேன். 'உலகளவில்' என்ற ஒரு சொல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் மொத்தமே ஒன்பது பேர், கீழே ஒரு சலூன். நீங்கள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது அவர்களுடைய வலைத்தளத்தில் அவர்களே எழுதிவைத்திருப்பது. அதையே அவர்களுக்குத் திருப்பிப் படித்துக் காட்டினால் என்ன சொல்வார்கள்? இப்போது சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டதா, இதே பத்தி ஒரு வாரத்தில் எனக்கே நாலு பேரிடமிருந்து வருகிறது.

ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள நான் சொல்லும் வழி கொஞ்சம் மெனக்கெட வேண்டியது. இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்புகளை நேஷனல் ஆர்கைவ்ஸ் 2022இலிருந்து இலவசமாக ஒரு தளத்தில் தருகிறது. பெய்லி என்ற பழைய தளமும் இருக்கிறது. தேடல் பெட்டியில் நிறுவனத்தின் பெயரைப் போடுங்கள். பெரும்பாலான தீர்ப்புகளின் முதல் பக்கத்திலேயே, வாதாடிய பாரிஸ்டரின் பெயரை ஒட்டி, அவரை அமர்த்திய சொலிசிட்டர் நிறுவனத்தின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஒரே ஒரு தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். அவர்கள் யார் பக்கம் நின்றார்கள், ஜெயித்தார்களா தோற்றார்களா, எந்த ஆவணத்தில் வழக்கு திரும்பியது என்று பாருங்கள். அதைப் பற்றி நாலு வரி சொந்தமாக எழுதினால் போதும். சென்ற ஆண்டு ஒருவர் எங்களுக்கு எழுதியிருந்தார், வீட்டுக்காரர்களின் அநியாயத்தை எதிர்த்து வாதாடுவதே தன் லட்சியம் என்று. எங்கள் வருமானத்தில் பாதி வீட்டுக்காரர்களிடமிருந்துதான் வருகிறது. லட்சியம் நல்லதுதான், விலாசம் தப்பு.

34 என்ற எண்ணிக்கையைக் குறையுங்கள். எட்டு போதும். பெரிய நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாகவே ஆள் பிடிக்கின்றன. அதில் பலர் வெக்கேஷன் ஸ்கீம், அதாவது விடுமுறையில் நிறுவனத்தில் சில வாரம் வேலை பார்க்கும் திட்டம், வழியாக வருகிறவர்கள். பல இடங்களில் விண்ணப்பம் வரவரப் படித்து இடத்தைக் கொடுத்துக்கொண்டே போவார்கள். கடைசித் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு அனுப்புகிறவருக்கு மிச்சம் மீதிதான். வாட்சன் கிளேசருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை: கொடுத்த பத்தியில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். நமக்கு வெளியே தெரிந்ததைக் கொண்டுவந்தால் தப்பாகும். நிறையப் படித்தவர்கள்தான் அதில் விழுகிறார்கள். பயிற்சித் தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். "சொல்லிக்கொள்கிற மாதிரி அனுபவம் எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முந்தைய வரியைத் திரும்பப் படியுங்கள். விண்ணப்பத்தில் அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் "பகுதி நேரச் சில்லறை வணிகப் பணி" என்று ஒரே வரி.

படிக்கும்போது நானும் ஒரு கேஷ் அண்ட் கேரியில் வேலை பார்த்தேன். ஒரு ஜனவரி காலை, அரிசி லாரி வந்தது. டிரைவருக்கு அவசரம், எனக்குக் குளிர். டெலிவரி நோட்டில் 40 மூட்டை என்று போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அடுக்கும்போது எண்ணினால் 38. முதலாளி போன் செய்தார். "உங்கள் ஆள் 40 வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்றார்கள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இரண்டு மூட்டைக் காசும் என் சம்பளத்தில் போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து டிரைவர் எவ்வளவு முணுமுணுத்தாலும் எண்ணாமல் பேனாவைத் தொடுவதில்லை. குறைந்தால், கையெழுத்துக்கு மேலேயே "38 மட்டும் பெறப்பட்டது, 2 குறைவு" என்று எழுதி, டிரைவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கி, அவருடைய பிரதியிலும் அதையே எழுதச் சொல்வேன்.

டிரெய்னியின் முதல் ஆறு மாத வேலை கிட்டத்தட்ட இதுதான். இணைப்பில் 40 ஆவணம் என்று போட்டிருந்தால் எண்ணிப் பார்ப்பது. கையெழுத்தான பிறகு தொலைந்ததைக் கண்டுபிடிப்பதைவிட, கையெழுத்துக்கு முன்னால் கேட்டுச் சங்கடப்படுவது மேல் என்று தெரிந்திருப்பது. அவசரப்படுத்துகிறவரிடம் முகம் சுளிக்காமல் "ஒரு நிமிஷம்" என்று சொல்வது. "நீங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லுங்கள்" என்று இண்டர்வியூவில் கேட்டபோது இந்த அரிசிக் கதையைத்தான் சொன்னேன். சொன்ன முதல் இடத்திலேயே வேலை கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. மூன்றாவது இடத்தில் கிடைத்தது.

உங்கள் கடையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கும். தேதி தாண்டிய பால், கடன் சொல்லிப் போனவர், இரண்டு தடவை வந்த பில். அதில் ஒன்றை எடுத்து, எத்தனை, யார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அதிலிருந்து கற்ற பாடம் என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்க்காதீர்கள், படிப்பவருக்கே புரியும்.

எஸ்.கியூ.இ. விஷயம். கடன் வாங்காதீர்கள், இப்போதைக்கு. தேர்வுக் கட்டணமே 4500 பவுண்டுக்கு மேல், கோச்சிங் தனி. முதல் பகுதியில் மட்டும் 360 கேள்விகள். ஆறு ஆண்டுக்குள் மூன்று முறைதான் எழுதலாம், அதனால் முயன்று பார்ப்போம் என்று ஒரு வாய்ப்பை வீணடிக்கவும் முடியாது. பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொண்டால் கட்டணத்தையும் அவர்களே கட்டி, படிக்கும் காலத்துக்குச் செலவுக்கும் தருவார்கள். தேர்வு எழுதியிருக்கிறார் என்பதற்காக மட்டும் உங்களைக் கூப்பிடுகிற நிறுவனத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் 2021இல் எஸ்.கியூ.இ. வந்தபோது இன்னொரு கதவும் திறந்தது, அது நமக்குச் சாதகமானது. ஒரு நிறுவனத்தில் டிரெய்னிங் கான்ட்ராக்ட் (பயிற்சி ஒப்பந்தம்) கிடைத்தால்தான் சொலிசிட்டர் என்ற நிலை மாறிவிட்டது. இரண்டு ஆண்டு சட்டப் பணி அனுபவம் வேண்டும், அதை நாலு இடங்கள் வரை சேர்த்துக் காட்டலாம். பாராலீகல் (வக்கீலுக்குச் சட்ட உதவியாளர்) வேலை, சட்ட உதவி மையம், கல்லூரியின் லீகல் கிளினிக் எல்லாம் கணக்கில் வரும், ஒரு சொலிசிட்டர் உறுதி செய்தால். என்றைக்கு என்ன செய்தீர்கள் என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு வருஷம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது, கையெழுத்துப் போடுகிறவருக்கும்தான்.

எங்களிடம் இந்த ஆண்டு ஒரே ஒரு இடம். இரண்டு ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் பாராலீகலுக்கு அது. சிறிய நிறுவனங்களில் பெரும்பாலும் இப்படித்தான், விளம்பரம் வருவதற்குள் இடம் போய்விடும். அதனால் எட்டில் மூன்றை பாராலீகல் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு இரண்டு சொலிசிட்டர்களோடு சேர்ந்து வியாழக்கிழமை மாலைகளில் ஒரு சமூகக் கூடத்தில் இலவச ஆலோசனைக்கு உட்காருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். விவரம் கேட்டுக் குறிப்பெடுக்கவும் கடிதம் வரையவும் தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஒருவர் தேவை. விலாசத்தைத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆறு மணிக்குத் தொடங்கும், ஐந்தரைக்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும். நோட்டு ஒன்று கொண்டுவாருங்கள்.