பயனீட்டாளர் கேள்வி-பதில்: "மடிக்கணினி 1" என்று எழுதிய ரசீது

கேள்வி: மகன் கோலாலம்பூரில் படிக்கிறான். சீட்டுப் பணத்தில் 2,600 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிக் கொடுத்த மடிக்கணினி அவனுடைய வாடகை அறையிலிருந்து திருடு போய்விட்டது. போலீஸில் சீரியல் எண் கேட்கிறார்கள். ரசீதில் "மடிக்கணினி 1" என்று மட்டுமே இருக்கிறது.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, தவறு உங்களுடையது அல்ல. முதலில் அட்டைப்பெட்டியைத் தேடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் தாளில் சீரியல் எண் இருக்கும். பெட்டி போய்விட்டது என்றால், வாங்கிய கடையில் உத்தரவாதப் பதிவைப் புரட்டச் சொல்லுங்கள். எண் கிடைத்ததும் போலீஸ் புகாரில் சேர்த்துவிடுங்கள். மகன் இன்றே வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றட்டும். முதலில் மின்னஞ்சல், மற்ற கதவுகளின் சாவியெல்லாம் அங்கேதான் தொங்குகிறது.

நம் ஊர்க் கடைக்காரர்கள் மீது எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் பாலை எடைபோட்ட காலத்தில் கிராணி (கணக்கர்) ஒவ்வொரு வாளிக்கும் கணக்கு எழுதினார். இன்றைக்கு 2,600 வெள்ளிப் பொருளுக்கு ஓர் எண்ணை எழுதக் கடைக்காரருக்குக் கை வலிக்கிறது. அந்த எண் இல்லாவிட்டால், திருடன் நாளையே பிடிபட்டாலும் மேசைமேல் இருக்கும் பத்து மடிக்கணினிகளில் உங்களுடையது எது என்று எப்படிக் காட்டுவீர்கள்? போதாக்குறைக்கு, வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது நம் ஊர் வெயிலில் வெளுத்துவிடுகிறது. என் குளிர்பதனப் பெட்டியின் ரசீதைக் காரில் போட்டு வைத்திருந்தேன். உத்தரவாதம் கேட்கப் போன அன்று என் கையில் இருந்தது வெற்றுத்தாள். எண்ணை எழுதி முத்திரை குத்தித் தரும்வரை கடையை விட்டு நகராதீர்கள். அங்கேயே படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடவுச்சொல் வைத்திருக்கிறேன். திருடினாலும் திறக்க முடியாது அல்லவா?
– ஆசிரியர், பாகான் செராய்

பதில்: முடியும். திருகாணிகளைக் கழற்றி உள்ளே இருக்கும் வட்டை வேறு கணினியில் பொருத்தினால் போதும். வட்டைக் குறியாக்கம் செய்திருந்தால்தான் உள்ளே இருப்பது அவனுக்குப் புரியாது. இந்தக் குறியாக்க வசதிக்கு விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லாக்கர், ஆப்பிளில் ஃபைல்வால்ட் என்று பெயர். பல ஹோம் பதிப்புக் கணினிகளிலும் எளிய வடிவில் உண்டு, அமைப்புகளில் பாருங்கள். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தனியே வையுங்கள். அதை அச்செடுத்து மடிக்கணினிப் பையிலேயே வைத்த புத்திசாலி நான்.

கேள்வி: கோயில் திருவிழாவன்று காரின் பின்னிருக்கையில் பையை வைத்துவிட்டுப் போனேன். கண்ணாடியை உடைத்து எடுத்துவிட்டார்கள். காப்புறுதி தருமா? உத்தரவாதம் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.
– வாசகர், ஈப்போ

பதில்: உத்தரவாதம் பழுதுக்கு, திருட்டுக்கு அல்ல. சாதாரண மோட்டார் காப்புறுதி காரைப் பார்க்கும், உள்ளே கிடந்த பையைப் பார்க்காது. இந்த ஆண்டு இதே பின்னிருக்கையிலிருந்து எனக்கு வரும் மூன்றாவது கடிதம் இது. பையைப் பின்பெட்டியில் வைப்பதானால் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். நிறுத்துமிடத்தில் பத்துப் பேர் பார்க்க மாற்றி வைக்காதீர்கள்.

கேள்வி: கோப்புகளுக்கு நகல் எடுக்க இணையத்தில் 2 டெராபைட் பென்டிரைவ் 29 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– மாணவி, பீடோங்

பதில்: நான் வாங்கினேன். பெரிய கொள்ளளவு என்று கணினியிடம் பொய் சொல்லும்படி சில்லை மாற்றியிருந்தார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றோடு போயிற்று. என் மாமாவின் அறுபதாம் கல்யாணப் படங்களில் பாதி இப்போது திறப்பதில்லை. அத்தை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரிந்த கடையில் வெளிவட்டு ஒன்று வாங்குங்கள். மடிக்கணினிப் பையில் போடாமல் வீட்டில் வையுங்கள். ஆய்வேடு போன்ற முக்கியக் கோப்புகளை இணையத்தில் இருக்கும் மேகச் சேமிப்பிலும் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: "திருட்டுப் பாதுகாப்பு" என்று கடையில் 199 வெள்ளி கூடுதலாக வாங்கினார்கள். திருடு போன பிறகு கேட்டால், அது வெறும் வைரஸ் தடுப்பு மென்பொருளாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.
– செம்பனைத் தோட்ட ஊழியர், தெலுக் இந்தான்

பதில்: பலகையைக் கண்டு பின்வாங்காதீர்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு பலகையால் தள்ளிவைக்க முடியாது. இல்லாத பயனைச் சொல்லி விற்றது பொய்யான விளம்பரம். பயனீட்டாளர் உரிமை கோரும் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யுங்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கேட்பார்கள், வக்கீல் வேண்டாம். "திருட்டுப் பாதுகாப்பு" என்று அச்சிட்ட ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு: தொலைந்த கருவியைத் தேடும் வசதி விண்டோஸிலேயே இலவசமாக இருக்கிறது. ஆனால் திருடு போவதற்கு முன்பே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: 400 வெள்ளிக்குப் பழைய மடிக்கணினி வாங்கினேன். பெட்டி, ரசீது, சார்ஜர் எதுவும் இல்லை. திறந்தால் யாரோ ஒரு மாணவனின் பெயர் வருகிறது. கடவுச்சொல்லை நீக்க எந்தக் கடை மலிவு?
– பெயர் வேண்டாம்

பதில்: போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். குற்றவியல் சட்டத்தின் 411-ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வைத்துக்கொள்பவருக்கானது. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. போவதற்கு முன் அடிப்பக்கத்தில் இருக்கும் சீரியல் எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். சுங்கை சிப்புட் அம்மாவுக்குப் பெட்டி கிடைத்ததா என்று கேட்டுப் பார்க்கிறேன்.