டீக்கடைகளில் பேப்பர் கப் வந்துவிட்டதே, தலித்துகளுக்கு மட்டும் தனிக் குவளை தரும் இரட்டைக் குவளை முறை ஒழிந்துவிட்டதா?

கேட்டவர் நகரத்துக்காரர், எப்போதாவது ஊர்ப்பக்கம் போய் டீ குடிப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உங்கள் கண்ணில் படாது. காரில் வந்து இறங்கியவர் எந்தத் தெரு என்று கடைக்காரருக்குத் தெரியாது. கண்ணாடி கிளாஸ்தான் நீட்டுவார்.

கப் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கேட்காமலே யாருக்குக் கப் போகிறது, யாருக்குக் கிளாஸ் போகிறது என்று பாருங்கள். காலையில் கூலி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அரைமணி உட்கார்ந்தால் போதும். பெஞ்சில் யார், நின்றபடி குடிப்பது யார் என்பதும் அப்போது தெரியும். முன்பு தனிக் குவளையோ சிரட்டையோ கூரையில் செருகியிருக்கும், குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். அதைப் படம் பிடிக்கலாம். கப் குப்பைக்குப் போகிறது, சாட்சியமும் கூடவே போகிறது. (எல்லாருக்கும் கப் கொடுக்கும் கடையை நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.)

"இந்தக் காலத்தில் யார் சார் பார்க்கிறார்கள்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் ஆட்சியர் ஆய்வுக்குப் போனபோதே இரட்டைக் குவளை பிடிபட்டு வழக்குப் பதிவானது.

புகார் கொடுப்பதென்றால் 'பாகுபாடு காட்டுகிறார்' என்று மொட்டையாக எழுதக் கூடாது. தேதி, நேரம், கிளாஸ் கேட்டபோது கடைக்காரர் சொன்ன வார்த்தை, அதே நேரம் கிளாஸில் குடித்தவர்கள், புகார்தாரர் சாதி, கடைக்காரர் சாதி எல்லாம் வேண்டும். கடைசியதை விட்டுவிட்டால் வன்கொடுமைச் சட்ட (பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்) வழக்கு ஆட்டம் காணும். பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது அந்தச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவில் வரும். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள்.

நிலையத்தில் மனு ரசீதைக் கையில் கொடுத்து "விசாரிக்கிறோம்" என்பார்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணை தேவையில்லை என்கிறது வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ பிரிவு. விசாரிக்க வேண்டியவரும் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவர். இழுத்தடித்தால் வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566-க்கு அழையுங்கள். அதற்குள் கடையில் எல்லாருக்கும் கப் வந்துவிடும், அதனால் முன்கூட்டியே வீடியோ எடுத்து வைப்பது நல்லது. பிறகு "பேசி முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்கள் வருவார்கள். மசியாவிட்டால் வயல் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் புறக்கணிப்பும் தனிக் குற்றம், தனிப் புகார் கொடுங்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சல். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்கவே ஆளில்லை.